மூன்று நாளில் ஒரு நாள்

அஜைல் வரலாறு – பகுதி 9

சென்ற வாரம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் கதையை நிறுத்தியிருந்தோம். 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை அங்கே 17 பேர் கூடினார்கள். தங்கள் வழிமுறைகளை உலகம் 'லைட்வெயிட்' என்று அழைத்தது அவர்களுக்கு உறுத்தியது. கனமில்லாதவர் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்? 'அஜைல்' என்று புதுப்பெயர் சூட்டி, சின்னஞ்சிறு பிரகடனம் ஒன்றை எழுதிவிட்டு மலையிறங்கினார்கள். கருவியும் நடைமுறையும் பிறகு, மனிதர்களும் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் முதலில் என்று அந்தப் பிரகடனம் தொடங்கியது. இருபது ஆண்டு கழித்து, அஜைல் டீமில் இருக்கும் ஒருவரிடம் அஜைல் என்றால் என்ன என்று கேட்டால், ஜிரா, ஸ்பிரின்ட், ஸ்டாண்ட்-அப், பாயிண்ட் என்று கருவிகளையும் நடைமுறைகளையும்தான் அடுக்குவார்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. கருத்து நல்லது, மேனேஜர்கள் கெடுத்துவிட்டார்கள். கேட்க இதமாக இருக்கிறது; அதனாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் மேனேஜர்களைச் சற்று ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரே ஒரு சிறு பொருளின் பின்னால் போவோம். அதன் பெயர் ஸ்டோரி பாயிண்ட். பிரகடனத்தில் இந்தச் சொல் கிடையாது. அஜைல் வழிமுறைகளில் ஒன்றான ஸ்கிரமுக்குரிய கையேட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பைப் பக்கம் பக்கமாகத் தேடினாலும் கிடைக்காது. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று எப்படி நாட்டையே ஆளத் தொடங்கியது?

* * *

1990களின் நடுவில் கிறைஸ்லர் கார் நிறுவனம் தன் சம்பளப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 87,000 ஊழியர்களின் சம்பளத்தைப் பல பழைய புரோகிராம்கள் பங்குபோட்டுக் கணக்கிட்டுவந்தன. எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் திட்டத்துக்கு 'கிறைஸ்லர் காம்ப்ரிஹென்சிவ் காம்பென்சேஷன்' என்று பெயர், சுருக்கமாக சி3. 1996இல் அதன் வேகத்தைக் கூட்டித் தருவதற்காக அழைக்கப்பட்ட கென்ட் பெக், வேகம் கூட்டும் நிலையில் அங்கே எதுவுமே இல்லை என்று கண்டார். முதலிலிருந்து எழுதுவது என்று முடிவானது. ரான் ஜெஃப்ரீஸ் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை உருப்பெற்றது அந்த அறையில்தான். 1997இல் அந்த அமைப்பு ஏறக்குறைய 10,000 பேருக்குச் சம்பளம் போட்டது. 2000 பிப்ரவரியில் நிர்வாகம் திட்டத்தை நிறுத்திவிட்டது. பெக் எழுதிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் நூல் வெளியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இதைச் சொல்லி அந்த முறையையே கேலி செய்பவர்கள் உண்டு. பாதியில் நின்ற திட்டத்திலிருந்து நல்ல பாடம் வரக்கூடாது என்று சட்டமில்லை. அந்தச் சச்சரவு நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது, அந்தக் காலத்து எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் குழுக்கள் காலத்தைக் கணக்கிட்ட விதம். வாடிக்கையாளருக்கு வேண்டிய ஒவ்வொரு வசதியும் ஓர் அட்டையில் சில வரிகளாக எழுதப்பட்டது. அதற்கு 'ஸ்டோரி' என்று பெயர். ஒவ்வொரு அட்டைக்கும் டெவலப்பர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். யாரும் குறுக்கிடாமல், கூட்டத்துக்குக் கூப்பிடாமல், போன் அடிக்காமல் விட்டால் இந்த வேலை எத்தனை நாளில் முடியும்? இப்படிக் கிடைத்த நாளுக்கு 'ஐடியல் டே' என்று பெயர் வைத்தார்கள். நிஜ உலகில் யாரும் அப்படி விடுவதில்லை. எனவே அந்த எண்ணை இன்னொரு எண்ணால் பெருக்கினார்கள். அது ஏறக்குறைய 3. ஒரு ஐடியல் நாள் வேலையை முடிக்க மூன்று காலண்டர் நாள் ஆகும் என்று பொருள்.

கணக்கு நேர்மையானது, அனுபவத்தோடு ஒத்துப்போனது.

ஆனால் அந்தக் கணக்கைக் காசு கொடுப்பவர்களும் பார்த்தார்கள். ஒரு நாள் வேலை என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு ஏன் மூன்று நாள் ஆகிறது என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கேள்வியில் தவறே இல்லை. சொல்லப்போனால் மென்பொருள் வரலாற்றிலேயே மிக நல்ல கேள்விகளில் ஒன்று அது. மீதி இரண்டு நாள் எங்கே போயிற்று? கூட்டத்தில் போயிற்று. ஒப்புதலுக்குக் காத்திருந்ததில், ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோகிராம் விழுந்தால் எழுந்து ஓடியதில், பக்கத்துப் பிரிவிலிருந்து வரவேண்டிய பதில் வராததில் போயிற்று. அந்த இரண்டு நாளைத் தின்றவர் பெரும்பாலும் கேள்வி கேட்டவரின் அலுவலகமேதான். அந்த உரையாடல் முழுதாக நடந்திருந்தால், வேலை எவ்வளவு பெரியது என்பதிலிருந்து நிறுவனம் தன் ஆட்களின் நேரத்தை எப்படி வீணடிக்கிறது என்பதற்குப் பேச்சு நகர்ந்திருக்கும். சங்கடமான பேச்சு. சம்பளம் வாங்குபவர் சம்பளம் கொடுப்பவரிடம் அவ்வளவு எளிதாகப் பேசிவிட முடியாததும்கூட.

பேசுவதற்குப் பதிலாகப் பெயரை மாற்றினார்கள். 'நாள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பாயிண்ட்' என்று வைத்தார்கள். மூன்று நாளில் ஒரு நாள் வேலை என்றால் கேள்வி வரும். மூன்று நாளில் ஒரு பாயிண்ட் என்றால் யார் என்ன கேட்க முடியும்? கேள்வி நின்றது. பல ஆண்டு கழித்து, 2019இல், ஜெஃப்ரீஸ் இந்தக் கதையை எழுதியபோது, பாயிண்டைக் கண்டுபிடித்தது தானாகவே இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாகவும் சொன்னார். தன் கண்டுபிடிப்புக்கு இப்படி வருத்தம் தெரிவித்தவர்கள் இந்தத் துறையில் அதிகமில்லை.

என் வாதம் இந்த இடத்திலிருந்து கிளைக்கிறது. ஸ்டோரி பாயிண்டை நல்லவர்கள் செய்த கருவி, கெட்டவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது தவறு. பிறக்கும்போதே அது ஒரு கேள்விக்கு முன்னால் தொங்கவிட்ட திரை. திரைக்குப் பின்னால் இருப்பது காலம்தான் என்பது இரு தரப்புக்கும் தெரியும். காலம் தேவைப்படுகிறவர் ஒருநாள் திரையை விலக்கத்தான் செய்வார். அவர் எப்போது, எதைக்கொண்டு விலக்கினார் என்பதுதான் மீதிக் கதை.

* * *

திரை உடனே விலகிவிடவில்லை. 2000இல் கென்ட் பெக்கும் மார்ட்டின் ஃபவுலரும் சேர்ந்து எழுதிய திட்டமிடல் நூலில், 'வெலாசிட்டி' என்ற சொல் அந்தப் பழைய பெருக்கல் எண்ணின் இடத்தைப் பிடித்தது. சென்ற சுற்றில் எவ்வளவு முடித்தீர்களோ, இந்தச் சுற்றிலும் அவ்வளவுதான் முடியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பது சாரம். நேற்றைய வானிலையே இன்றும் இருக்கும் என்று சொல்பவர் பெரும்பாலும் தோற்பதில்லை என்பதால் அந்த உத்திக்கு 'நேற்றைய வானிலை' என்றே பெயர். கவனியுங்கள், வானிலை என்பது பார்த்துச் சொல்வது. இந்த மாதம் மழையைப் பத்து சதவீதம் கூட்டு என்று யாரும் வானிலை ஆய்வாளரிடம் இலக்கு வைப்பதில்லை. 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங், டீமில் ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டைச் சீட்டில் வைத்து ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டும் பிளானிங் போக்கரை உருவாக்கினார். 2005இல் மைக் கோனின் நூல் அதைப் பரப்பியது. ஒரே ஸ்டோரிக்கு ஒருவர் 3 என்று சீட்டைத் திருப்ப, இன்னொருவர் 13 என்று திருப்பினால், இருவரில் ஒருவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மற்றவருக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் விளையாட்டு. எண் கழித்துப்போடக்கூடிய உமி. இதை மட்டும் பார்த்தால் பாயிண்ட் மேல் குறைசொல்ல ஒன்றுமில்லை.

திருப்பம் சிட்னியிலிருந்து வந்தது. 2002இல் அட்லாசியன் நிறுவனம் ஜிராவை வெளியிட்டது. பிழைகளைப் பதிவுசெய்யும் மென்பொருளாகத்தான் அது பிறந்தது. அதற்கு முன் அவர்கள் பயன்படுத்திய பக்ஸில்லாவின் பெயரில் காட்ஸில்லாவின் வாடை அடித்ததால், காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவைப் பாதியாக வெட்டி இதற்குச் சூட்டினார்கள். 2009இல் கிரீன்ஹாப்பர் என்ற இணைப்பை வாங்கியதும், சுவரில் ஒட்டியிருந்த அட்டைகள் திரைக்குள் குடிபெயர்ந்தன. பல ஊர்களில் பிரிந்திருக்கும் டீம்களுக்கு அது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் சுவருக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுவரில் இருக்கும் அட்டையைப் படிக்க அந்த அறைக்குள் வரவேண்டும். வந்தால் 13 என்று எழுதியிருக்கும் அட்டைக்குக் கீழே நிற்கும் ஆளிடம் ஏன் 13 என்று கேட்கலாம். தரவுத்தளத்தில் இருக்கும் 13ஐப் படிக்க அறைக்கு வர வேண்டியதில்லை. அது கூட்டக்கூடிய, சராசரி எடுக்கக்கூடிய, பக்கத்து டீமின் எண்ணோடு வரைபடத்தில் நிறுத்தக்கூடிய வெறும் எண். ஏன் என்பது கீழேயே தங்கிவிட்டது. எண் மட்டும் மாடிக்கு ஏறிப்போனது.

ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருந்த காலத்தில், இரண்டு ஊர் விளைச்சலை மரக்கால் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டவர் ஏமாந்தார். பாயிண்டும் டீமுக்கு டீம் வேறான மரக்கால்தான். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டது. இதற்கு முன்பே, 1979இல், ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் 'ஃபங்ஷன் பாயிண்ட்' என்ற அளவை அறிமுகம் செய்திருந்தார். அதற்கு எண்ணும் விதிகள் உண்டு, எண்ணியது சரியா என்று வெளியாள் சோதிக்கலாம். ஸ்டோரி பாயிண்டுக்கு விதியே கிடையாது, சோதிக்கவும் வழி கிடையாது. ஓர் அளவை இலக்காக்கினால் அது அளவாக இருக்காது என்ற பொருளியலாளர் குட்ஹார்ட்டின் விதியைச் சொல்லி இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்த விதி எல்லா அளவுக்கும் பொருந்துவது. இந்த அளவு மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக வளைந்தது என்பதை அது சொல்லாது. வெலாசிட்டி அதிகரிக்க வேண்டும் என்று மேலிருந்து சொன்னால், போன மாதம் 3 போட்ட வேலைக்கு இந்த மாதம் 5 போட்டால் போதும். பொய் சொன்னதாகக்கூட ஆகாது, ஏனென்றால் 5 என்றால் என்ன என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

* * *

2011இல் டீன் லெஃபிங்வெல் 'ஸ்கேல்டு அஜைல் ஃபிரேம்வொர்க்' என்ற ஏற்பாட்டை முன்வைத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் பெருநிறுவனங்களுக்காக, பல டீம்களை ஒரே அட்டவணைக்குள் கட்டும் முறை அது. பல டீம்களைக் கூட்டிப் பார்க்க வேண்டுமானால் மரக்கால் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு அதன் வழிகாட்டுதல் சொன்ன வழி எளிமையானது. டீமிலுள்ள ஒவ்வொரு டெவலப்பருக்கும் டெஸ்டருக்கும் இரண்டு வார ஸ்பிரின்ட்டுக்கு 8 பாயிண்ட் வைத்துத் தொடங்குங்கள். யாராவது ஒருநாள் விடுப்பு என்றால் ஒரு பாயிண்ட் கழித்துக்கொள்ளுங்கள். எழுத அரைநாள், சோதிக்க அரைநாள் ஆகிற ஸ்டோரி ஒன்றைக் கண்டுபிடித்து அதை 1 என்று வையுங்கள்.

ஒரு நாள், ஒரு பாயிண்ட். வட்டம் முடிந்தது.

காலத்தை மறைக்கப் பிறந்த அலகு, பதினைந்து ஆண்டுகளில் காலமாகவே திரும்பிவிட்டது. ஆனால் போன வழியில் ஒன்று தொலைந்திருந்தது. பழைய கணக்கில் ஐடியல் நாள் என்றும் காலண்டர் நாள் என்றும் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் அந்த நல்ல கேள்வி பிறந்தது. புதிய கணக்கில் இருப்பது ஒரே எண். பத்து வேலைநாளுக்கு 8 பாயிண்ட் என்பதில் கூட்டங்களுக்கு இரண்டு நாள் ஒதுக்கி, மிச்சமெல்லாம் தடையில்லாத நாள் என்று ஆகிவிட்டது. குழுக்கள் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் வேலைக்குக் கிடைக்கிறது என்று கண்டிருந்த இடத்தில், ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும் என்பது தொடக்க எண்ணாகவே எழுதப்பட்டது.

வேலை வாங்குவது ஒரு நிறுவனம், செய்வது இன்னொன்று என்ற ஏற்பாட்டில் இது இன்னும் இறுகியது. வாங்குபவர் டெக்சாஸில், செய்பவர் சோழிங்கநல்லூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரை மணி ஸ்டாண்ட்-அப்பில் எதிர்முனையில் இருப்பவர் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். உங்கள் ஆளிடமிருந்து பதில் வராததால்தான் இரண்டு நாள் போயிற்று என்று அவரிடம் சொல்வது, 1996இல் கிறைஸ்லரில் சொல்வதைவிடக் கடினம். அங்கே குறைந்தது ஒரே கம்பெனி, ஒரே காப்பி மெஷின்.

* * *

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, இவையெல்லாம் அஜைலே அல்ல என்பது. அதைச் சொல்பவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பிரகடனத்தில் கையெழுத்திட்ட டேவ் தாமஸ், 2014இல் அஜைல் செத்துவிட்டது என்று எழுதினார். 2018இல் ஜெஃப்ரீஸ், டெவலப்பர்கள் அஜைலைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டு மெல்போர்னில் பேசிய ஃபவுலர், இன்று நடப்பதில் பெரும்பகுதி போலி அஜைல் என்றார். மூவரும் நேர்மையாகவே சொன்னார்கள். ஆனால் பத்தியம் தவறியதால்தான் மருந்து பலிக்கவில்லை என்று வைத்தியர் ஒருவரிடம், இருவரிடம் சொல்லலாம். ஊரில் பெரும்பாலோர் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் பத்தியம் தவறினால், அந்த மருந்தை உட்கொண்டபடி யாரால் அந்தப் பத்தியம் இருக்க முடியும் என்று வைத்தியர்தான் யோசிக்க வேண்டும். மேலிருப்பவர் தேதி கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதிய மருந்துச்சீட்டு, மேலிருப்பவர் இருக்கும் உலகத்துக்கு எழுதியது அல்ல.

அடுத்த மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. தேதி கேட்பது குற்றமா? கடை திறக்க வேண்டும், சட்டம் அமலுக்கு வரும், விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. குற்றமே இல்லை. பாயிண்டை வைத்துத் தேதி சொல்லவும் முடியும் என்பதற்கு அமெரிக்க எஃப்பிஐயே சாட்சி. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க அது போட்ட முதல் திட்டம் 170 மில்லியன் டாலரை விழுங்கிவிட்டு 2005இல் கைவிடப்பட்டது. 2006இல் தொடங்கிய இரண்டாவது திட்டமான சென்டினல், 2010இல் 451 மில்லியன் டாலர் பட்ஜெட்டில் 405 மில்லியனைச் செலவழித்து, நான்கு கட்டங்களில் இரண்டை மட்டுமே முடித்திருந்தது. அதன் பிறகு எஃப்பிஐ வேலையைத் தன் கையில் எடுத்து, ஆட்களைக் குறைத்து, இரண்டு வார ஸ்பிரின்ட்டுகளில் ஸ்கிரம் முறையில் செய்தது. 2012 ஜூலையில் சென்டினல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் முதலில் குறித்த தேதி 2011 செப்டம்பர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து நடத்திய சோதனையில் அமைப்பு இரண்டுமுறை நின்றுபோனது. வன்பொருள் போதவில்லை என்று தெரிந்தது. தேதியைத் தள்ளிவைத்தார்கள். அங்கே எண்கள் வானிலையாகவே இருந்தன: மழை வரும் என்று சொன்னால் கூரை போட்டார்கள், வானிலை சொன்னவரை விரட்டவில்லை. பாயிண்ட் வேலை செய்வதற்கு வேண்டிய நிபந்தனை இதிலிருந்து தெரிகிறது. எண் ஒன்றைச் சொல்லும்போது தேதியோ வேலையின் அளவோ நகர வேண்டும். இரண்டும் நகராத இடத்தில் எண்தான் நகரும், 3 என்பது 5 ஆகும். இந்த நிபந்தனையை எந்த மென்பொருளாலும் கொடுக்க முடியாது, எந்தக் கையேட்டாலும் விதிக்கவும் முடியாது. அந்தப் பழைய குழுக்களில் நடக்காமல் போன பேச்சுதான் அதைக் கொடுக்க முடியும்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஸ்பிரின்ட்டில் இவ்வளவு முடிப்போம் என்று டீம் சொல்வதை ஸ்கிரம் வட்டாரத்தில் 'கமிட்மென்ட்' என்றே சொல்லிவந்தார்கள். அந்தச் சொல்லை மேலிருப்பவர்கள் சத்தியவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். 2011ஆம் ஆண்டு ஸ்கிரம் கையேட்டில் அந்தச் சொல் நீங்கி, 'ஃபோர்காஸ்ட்', அதாவது முன்கணிப்பு, என்று மாறியது. தினமும் ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன் என்று ஒப்பிக்கும் மூன்று கேள்விகள் 2020 பதிப்பில் காணாமல் போயின. நல்லெண்ணத்தில் செய்த திருத்தங்கள்தான். ஆனால் 'லைட்வெயிட்' 'அஜைல்' ஆனது, 'நாள்' 'பாயிண்ட்' ஆனது, 'கமிட்மென்ட்' 'ஃபோர்காஸ்ட்' ஆனது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த இயக்கத்துக்கு ஒரு பழக்கம் இருப்பது தெரிகிறது. யாருக்கு யார் மேல் அதிகாரம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அது ஒரு புதுப்பெயரை எடுத்துக் கொடுத்திருக்கிறது. கையேட்டில் மாறிய சொல் கூட்ட அறையில் மாறவில்லை. அங்கே இன்றும் 'கமிட்' செய்கிறார்கள்.

இந்த இயக்கம் கொடுத்த இன்னொரு பெயர் காசானது. பயிற்சி நடத்துபவர், சான்றிதழ் தருபவர், சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்று விளம்பரம் கொடுப்பவர் என்று ஒரு சந்தையே அதைச் சுற்றி வளர்ந்தது. 'சர்ட்டிஃபைடு ஸ்கிரம்மாஸ்டர்' என்ற அந்தப் பட்டத்துக்கு இரண்டு நாள் வகுப்பு போதும் என்றிருந்தது. தொடக்க ஆண்டுகளில் தேர்வுகூட இல்லை. அதை வழங்கிய ஸ்கிரம் அலையன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஸ்னோபேர்டில் கையெழுத்திட்ட கென் ஸ்வேபர். பட்டம் உலகெங்கும் பரவி, அமைப்பு செழித்திருந்த 2009இல், அவரே அதைவிட்டு வெளியேறி ஸ்கிரம்.ஆர்க் என்ற வேறொரு அமைப்பைத் தொடங்கினார். சொந்த வீட்டிலிருந்து அவரை வெளியே நடக்கவைத்தது எது?

(தொடரும்)